பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட

மாதத்தின் முதல் ஞாயிறு, காலைப் பூசை முடிந்த கையோடு றோஸி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்குவார். தோளில் அவரே தைத்த துணிப்பை. கதவைத் தட்டிச் சொல்லும் வசனம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

"உங்கட சாவுக்குக் காசு தாங்கோ."

புதிதாகக் குடிவந்தவர்கள் திடுக்கிட்டு நிற்பார்கள். பழையவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சல்லியோடு வருவார்கள். மரண உதவிச் சங்கத்தின் மாதச் சந்தா அது. கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கை அநேகமாக முழுவதும் அதில் உறுப்பினர். ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால், முதல் அழுகை அடங்கமுன்னர் கூடாரக்காரர் வந்துவிடுவார்கள். கதிரைகள் வரும். தேத்தண்ணிக் கேத்தல் வரும். பெட்டிக்கு முற்பணம் போய்விடும். அழுகிறவர்கள் அழுதால் போதும், மற்றதைச் சங்கம் பார்க்கும்.

றோஸிக்கு அதில் பெருமை. "எங்கட ஒழுங்கையில ஒருத்தரும் கடன்பட்டுச் செத்ததில்லை," என்பார். கடன்பட்டு வாழ்ந்தவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. அவரும் அவர்களில் ஒருவர்.

பிறந்தது அதே ஒழுங்கையில். கல்யாணம் கட்டி நாலைந்து வீடு தள்ளிப் போனார். வாழ்க்கையில் அவர் இடம்பெயர்ந்த தூரம் அவ்வளவுதான். கணவர் பேர்னாட் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். ஒரே மகள் ரொஷேல் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் அவர் டெங்குவில் போய்விட்டார். சங்கம் அன்று வந்து எல்லாவற்றையும் செய்து முடித்தது. அந்த நன்றிக்காகத்தான் றோஸி பையைத் தோளில் போட்டார். பிறகு கழற்றவில்லை. கிழமை நாட்களில் தையல். கோயிலில் முதல் நன்மை எடுக்கிற பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, பள்ளிக்கூட யூனிபோர்ம், சேலை பிளவுஸ். அந்த ஊசியில் ரொஷேல் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தாள், எஞ்சினியரிங் முடித்தாள், கொம்பனித்தெருவில் பழைய தோட்டவீடுகளை இடித்துக் கட்டிய கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் நெட்வேர்க் எஞ்சினியராக வேலைக்குச் சேர்ந்தாள்.

றோஸியின் நெஞ்சில் வருத்தம் சின்ன வயதிலேயே குடியேறிவிட்டது. மூட்டுவாதக் காய்ச்சல் வந்து போன பிள்ளை. மாதா மாதம் ஊசி போடச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்தோடு நிறுத்தினார். "வீட்டுக்கு வந்த மருமகள் ஊசி போடப் போனா, வருத்தக்காரியைத் தலையில கட்டிப்போட்டாங்கள் எண்டு மாமியார் கதைக்கமாட்டாவா?" என்று பின்னாளில் காரணம் சொன்னார். மாமியார் கதைக்கவில்லை. இதய வால்வு கல்லாய் இறுகியது.

முதலில் கோயில் படி ஏற மூச்சு வாங்கியது. பிறகு அரிசிப் பை தூக்க. கடைசியில் அந்த ஒற்றை வசனத்தையே ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் போனது. "உங்கட சாவுக்கு..." என்று நிறுத்தி, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மூச்செடுத்து, "...காசு," என்பார். பகிடிக்குத்தான் இழுக்கிறார் என்று ஒழுங்கை நினைத்தது. இன்னும் கூடுதலாகச் சிரித்தது.

வால்வு மாற்ற வேண்டும் என்றார் டொக்டர். அரசாங்கத்தில் இலவசம். ஆனால் வரிசை நீளம், சாமானும் தட்டுப்பாடு. "முறை வரும்," என்றவர், ரொஷேலை வெளியே கூப்பிட்டு, "காத்திருக்க ஏலுமெண்டு நான் சொல்லமாட்டன்," என்றார்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்று திகதி கொடுத்தது. திகதிக்கு ஒரு கிழமைக்கு முன்பே முழுக் காசும் கட்ட வேண்டும். ரொஷேல் வங்கியில் கடன் எடுத்தாள். தன் சங்கிலியையும் தாயின் கல்யாண வளையலையும் அடகு வைத்தாள். பாதிதான் வந்தது.

"மற்றாக்களிட்டக் கேப்பம், மம்மி."

"என்னெண்டு கேக்கிறது?"

"ஒபரேஷனுக்கு எண்டு. இப்ப எல்லாரும் ஒன்லைன்ல கேக்கினம்."

றோஸி தையல் மெஷினை நிறுத்தினார். "சாவுக்கெண்டா நான் எந்த வாசலிலயும் நிண்டு கேப்பன். அது எல்லாருக்கும் வாறது. இது எனக்கு மட்டும் வந்தது. இதுக்கு என்னெண்டு வாய் திறக்கிறது?"

"நீங்கள் திறக்கத் தேவையில்லை. நான் கேக்கிறன்."

"நீ கேட்டா அது நான் கேட்டதில்லையோ?"

ரொஷேல் முதலில் போனது சங்கத் தலைவரிடம். கிளறன்ஸ், சுங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒழுங்கை தொடங்கும் தலைப்பு வீடு அவருடையது. நல்ல மனிதர். அதனால்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"சங்கத்தின்ர யாப்பு விதியில இடமில்லை, பிள்ளை."

"அங்கிள், அது மம்மி வீடு வீடாப் போய்ச் சேர்த்த காசு."

"அதுதான் சொல்லுறன். அவவின்ர பங்கு பத்திரமா இருக்கு. ஒருத்தரும் கை வைக்கேலாது."

"எப்ப தருவீங்கள்?"

கிளறன்ஸ் தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் தள்ளிவைத்தார். கேள்வி கேட்டவளுக்கும் பதில் தெரியும். அவள் எழும்பும்போது, ஏதாவது உதவ வேண்டும் என்ற தவிப்பில் அவர் ஒரு யோசனை சொன்னார். "நீ இங்கிலீசில போட்ட லிங்க் பார்த்தனான். எங்கட சனம் இங்கிலீசைக் கண்டா லைக் போட்டிட்டுப் போயிடும். தமிழில எழுது. நல்ல தமிழில, மரியாதையா எழுது."

உண்மைதான். நிதி திரட்டும் தளம் ஒன்றில் ரொஷேல் ஏற்கனவே எல்லாவற்றையும் ஏற்றியிருந்தாள். ஸ்கான் அறிக்கை, டொக்டரின் கடிதம், ஆஸ்பத்திரியின் மதிப்பீடு. அலுவலக நண்பர்கள் தந்தார்கள், பிறகு நின்றுவிட்டது. கனடாவில் இருக்கும் மாமன் மகன் ஜெனிஸ்டனுக்கும் அனுப்பியிருந்தாள். சிறுவயதில் அவன் வெள்ளவத்தையிலிருந்து வந்து மூன்று வருடம் றோஸியின் கையால் சாப்பிட்டுப் படித்தவன். லிங்குக்குக் கீழே ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தான். அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் அவள் தமிழில் எழுத உட்கார்ந்தாள்.

வீட்டில் கதைக்கிற தமிழ் அவளுக்கு ஓடும். எழுத்துத் தமிழ் அவளுக்குப் பாடமாக இருந்ததே சில வருடங்கள்தான். மரியாதையான தமிழ் என்று அவள் காதில் நிறைந்தது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூட நாட்களில் றோஸி காலையில் யூனிபோர்ம் அயர்ன் பண்ணும்போது வானொலியில் மரண அறிவித்தல் போகும். சங்கத்துக்குத் தெரிய வேண்டிய செய்தி என்பதால் றோஸி சத்தத்தைக் கூட்டி வைப்பார். பல்லுத் தீட்டியபடி, பின்னல் கட்டியபடி, பாணுக்கு பட்டர் பூசியபடி வருடக்கணக்காக அதைக் கேட்டவள் ரொஷேல். கேட்டது மண்டையில் பதிந்திருந்தது. யார் இறந்தார்கள் என்பது பதியவில்லை. வசனம்தான் பதிந்திருந்தது. ஒரு மனிதரைப் பற்றி நாலு பேருக்கு முறையாகச் சொல்வதென்றால் இப்படித்தான் தொடங்குவது என்று அவள் நினைத்திருந்தாள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி யாரும் அவ்வளவு மரியாதையாகச் சொல்லி அவள் கேட்டதில்லை.

எழுதினாள்:

'கொழும்பு கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி றோஸி பேர்னாட் அவர்கள். அன்னார் காலஞ்சென்ற பேர்னாட்டின் அன்பு மனைவியும், ரொஷேலின் பாசமிகு தாயாரும் ஆவார்.'

இதற்குப் பிறகுதான் வால்வு வந்தது. சத்திரசிகிச்சை, திகதி, தேவைப்படும் தொகை, வங்கிக் கணக்கு. முடிவில் 'தகவல்: மகள்' என்று போட்டுத் தொலைபேசி எண் கொடுத்தாள். மேலே தாயின் படம். திருவிழாவுக்கு வெள்ளைச் சேலை உடுத்தி எடுத்தது. றோஸி நேராகப் பார்த்து நிற்கும் படம் அது ஒன்றுதான் இருந்தது. பின்னணியில் நின்ற ஆட்களை நீக்கி வெளிர்நீலம் ஆக்கினாள். சுத்தமாக இருந்தது. உறவினர்களின் வட்ஸ்அப் குழுவிலும் ஒழுங்கைக் குழுவிலும் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தாள்.

காலையில் அலுவலகத்தில் முதல் அழைப்பு ஜெனிஸ்டனுடையது. எடுத்தவுடன் அழுதான்.

"ரோஷ்... எப்பிடி நடந்தது?"

"என்ன நடந்தது?"

"மாமி... கடைசியா என்ன சொன்னவ?"

"மீன்காரன் வந்தா சாளை எடுக்கச் சொன்னவ. ஏன்?"

மறுபக்கத்தில் அழுகை நின்றது. "மாமி இருக்கிறாவா?"

"வீட்டில இருக்கிறா."

"அப்ப நீ போட்ட நோட்டிஸ்?"

"ஜெனி, நீ அதை முழுக்க வாசிச்சனியா?"

"அதை ஆர் முழுக்க வாசிக்கிறது? பிறப்பிடமாகவும் எண்டு கண்டவுடன எனக்கு நெஞ்சடைச்சுப் போச்சு."

ரொஷேல் தன் செய்தியைத் திறந்தாள். மற்றவர்களின் கண்ணால் பார்த்தாள். வெள்ளைச் சேலை, நீல வானம். முதல் இரண்டு வரி. அன்னார். அதற்குக் கீழே 'மேலும் வாசிக்க' என்று வெட்டுப்பட்டு நின்றது. வால்வு முழுவதும் அந்த வெட்டுக்குக் கீழே.

குழுவில் மெழுகுதிரிகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

வீட்டில் நடந்ததை இன்ஸாப் பிறகு சொன்னான். பக்கத்து வீட்டு ஷஹீமாவின் கணவன், த்ரீவீலர் ஓட்டுபவன். காலையில் அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கூடாரக்காரரின் லொறி ஒழுங்கைக்குள் பின்பக்கமாக வந்தது. சிங்களப் பையன்கள் குழாய்களை இறக்கி றோஸியின் வாசலில் அடுக்கினார்கள். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தது றோஸி. கையில் சாளை வெட்டிய கத்தி.

"நோனா, மளகெதர கோய்த?" என்று கேட்டான் ஒருவன். சாவீடு எது என்று.

றோஸி குழாய்களைப் பார்த்தார். அவன் கையில் இருந்த வெள்ளைக்கொடிகளைப் பார்த்தார். முப்பதடி தள்ளிக் கறுப்பு டையோடு ஓடிவந்துகொண்டிருந்த கிளறன்ஸைப் பார்த்தார். விளங்கிவிட்டது.

"மெஹெ தமய்," என்றார். இங்கேதான். "மம தமய் மெரிலா இன்னே." செத்தது நான்தான்.

"பொடியன் கொடியெ போட்டுட்டு ஓடினான்," என்று இன்ஸாப் சொன்னான். "நான் செல்றேன், றோஸி அக்கா, உங்கட ஜனாஸாவுக்கு டென்ட் வந்தீக்கி, நீங்க இன்னம் மீன் வெட்டுறீங்களே எண்டு. அவ சிரிச்சா, சிரிச்சு மூச்செடுக்க ஏலாமப் படியில இருந்துட்டா."

கிளறன்ஸ் டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். "றோஸி, நான் உடன ஓடர் குடுத்திட்டன்."

"ஓம், கிளறன்ஸ் அண்ணை. சங்கம் சுணங்கிறதில்லைத்தானே."

மாலை ரொஷேல் வீட்டுக்கு வந்தபோது றோஸி மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்து மகளின் பழைய போனில் இரங்கல்களை வாசித்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டவில்லை.

"இங்க பார், மெட்டில்டா எழுதியிருக்கிறா. தங்கமான மனுசியாம். போன கிறிஸ்மஸுக்கு பிளவுஸ் இறுக்கம் எண்டு சொல்லி என்ர முகத்தில எறிஞ்சவ."

"மம்மி, எனக்குத் தெரியாமப் போச்சு."

"அன்னார் எண்டா செத்த ஆள் எண்டு உனக்குத் தெரியாதா?"

"மரியாதைச் சொல் எண்டு நினைச்சன்."

"மரியாதைதான்." றோஸி போனைக் கவிழ்த்து வைத்தார். "செத்தாப் பிறகு குடுக்கிற மரியாதை."

கணக்கில் கொஞ்சம் காசு விழுந்திருந்தது. சிறுசிறு தொகைகள். அனுப்பியவர்கள் குறிப்பு எழுதியிருந்தார்கள்: பூவுக்கு. மலர்வளையம். ஆத்ம சாந்திப் பூசைக்கு.

ரொஷேல் இரண்டாவது செய்தி எழுதினாள். இந்தமுறை தாயிடம் வாசித்துக் காட்டினாள். "தவறுக்கு வருந்துகிறேன். என் தாயார் உயிருடன் இருக்கிறார்."

"அதுக்கு நீ ஏன் வருந்துறாய்?" என்றார் றோஸி.

அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியாது. வலையமைப்பு அவள் தொழில், அது மற்றவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தன் செய்தியை அவள் அழித்தாள். ஆனால் அது ஏற்கனவே பிரதிகளாகிப் போயிருந்தது. வெள்ளவத்தை, வத்தளை, மன்னார், லண்டன், டொரொன்டோ. சாவுச் செய்தியை அனுப்பாமல் விட்டால் பாவம், எல்லோரும் அனுப்பினார்கள். உயிரோடிருக்கிறார் என்ற செய்தியை அனுப்ப ஒருவருக்கும் அவசரமில்லை. அது மெல்லப் போனது. போன இடங்களில் முதல் செய்தி முன்பே போய் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது.

மூன்றாம் நாள் ஒரு குரல் பதிவு சுற்றியது. யாரோ ஒரு பெண். பொறுப்பான, அக்கறையான குரல்.

"இந்த அம்மா செத்துப் போனவ, ஒழுங்கையில டென்ட் அடிச்சதை எங்கட ஆக்கள் கண்ணால பார்த்தவை. இப்ப மகள் எண்டு ஒருத்தி அவவின்ர பேரில ஒபரேஷனுக்குக் காசு சேர்க்கிறா. தயவுசெய்து ஏமாறாதேங்கோ. எல்லாருக்கும் அனுப்புங்கோ."

எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள்.

நிதி திரட்டும் தளத்துக்கு முறைப்பாடுகள் போயின. அது கணக்கை முடக்கியது. இங்கிலீஷில் பண்பான கடிதம் வந்தது: பயனாளி உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்தவும். ரொஷேல் அன்றைய பத்திரிகையைத் தாயின் கையில் கொடுத்து வீடியோ எடுத்து அனுப்பினாள். வீடியோவை இப்போது யாரும் செய்யலாம் என்று பதில் வந்தது. அதுவும் உண்மை. அரச அலுவலர் ஒருவரின் கையொப்பம் கேட்டார்கள்.

கிராம சேவகர் அலுவலகம் மேல்மாடியில் இருந்தது. கடிதத்தைக் கீழே கொண்டுவரக் கேட்கலாம் என்றாள் ரொஷேல். "உயிரோட இருக்கிறன் எண்டு சொல்ல வந்திட்டு, மாடி ஏற ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று றோஸி கைப்பிடியைப் பிடித்தார். இன்ஸாப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையோடு ஏறினான். சில படிகள் ஏறுவார், கதிரையில் இருப்பார், மறுபடி ஏறுவார். உதடு நீலம் பாரித்திருந்தது.

அலுவலர் இளம் சிங்களப் பெண். விசயத்தைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முயன்றாள். உயிர்ச்சான்றுக்குப் படிவம் இருக்கிறது, ஆனால் அது ஓய்வூதியக்காரருக்கு மட்டும் என்றாள். "அம்மாவுக்கு ஓய்வூதியம் இருக்கா?"

"இல்லை மகள்," என்றார் றோஸி சிங்களத்தில். "உயிர் மட்டும்தான் இருக்கு."

அந்தப் பெண் படிவத்தை ஒதுக்கிவிட்டுத் தன் கையாலேயே கடிதம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். அவளில் பிழை சொல்ல முடியாது. ரொஷேல் அதை ஸ்கான் பண்ணி அன்றே அனுப்பினாள். பரிசீலனையில் உள்ளது என்று தளம் சொன்னது. மறுநாளும் அதையே சொன்னது. ஆஸ்பத்திரிக்குக் காசு கட்ட வேண்டிய நாள் வந்தது. போனது. திகதி வேறொருவருக்குப் போனது. அந்த வரிசையில் நின்றது காசு, ஆட்களில்லை.

அடுத்த செவ்வாய் மதியம், முதல் நன்மைச் சட்டை ஒன்றுக்குக் கரை மடித்துக்கொண்டிருந்த றோஸிக்கு மூச்சோடு நுரை வந்தது. ஷஹீமா கண்டு கத்தினாள். இன்ஸாப் வண்டியை எடுத்தான். ஆமர் வீதிச் சந்தியில் வாகனங்கள் அடைத்து நின்றன. ரொஷேல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது ஷஹீமா நடையில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததோடு ரொஷேல் ஓடுவதை நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்தபோது கூடாரம் நின்றது. கதிரைகள் வந்திருந்தன, தேத்தண்ணிக் கேத்தல் வந்திருந்தது, வெள்ளைக்கொடிகள் தலைப்பு வரைக்கும் கட்டப்பட்டிருந்தன. போனமுறை வந்த அதே பையன்கள். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. கிளறன்ஸ் கறுப்பு டையோடு வந்து, "பெட்டிக்கு முற்பணம் கட்டியாச்சு, பிள்ளை. நீ ஒண்டுக்கும் யோசியாதே," என்றார். றோஸியின் பங்கு பத்திரமாக இருந்தது. ஒரு சதம் குறையாமல் வெளியே வந்தது.

"நோட்டிஸ் ஆர் எழுதுறது?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தலை குனிந்தார்.

"இருக்கு, அங்கிள்," என்றாள் ரொஷேல்.

இருந்தது. குழுக்களில் அழித்ததன் மூலப்பிரதி போனில் கிடந்தது. வால்வில் தொடங்கிக் கணக்கு எண் வரைக்கும் வெட்டினாள். திகதி ஒன்று சேர்த்தாள். முதல் இரண்டு வரியில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தகவல்: மகள். படமும் அதே.

முதல் பதில் உடனே வந்தது: திரும்பவுமா?

அடுத்தது: இது பழைய ஃபேக். அனுப்பாதேங்கோ.

ஜெனிஸ்டன் வீடியோவில் வந்தான். இந்தமுறை எடுத்தவுடன் அழவில்லை. "நம்பாமலில்லை, ரோஷ். எண்டாலும் ஒருக்காக் காட்டு."

அவள் கமராவைத் திருப்பினாள். பெட்டிக்குள் றோஸி திருவிழா வெள்ளைச் சேலையில், நேராகக் கிடந்தார். ஜெனிஸ்டன் அப்போதுதான் அழுதான். அழுது முடித்து, அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே காசு அனுப்பினான். "பெட்டியை மாத்து. நல்லதா எடு. மாமிக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது." வால்வுக்குப் போதாமல் இருந்த தொகையில் ஏறத்தாழ அரைவாசி அது.

பிறகு நம்பிக்கை வந்து எல்லோரும் வந்தார்கள். தலைப்பு வரைக்கும் ஆட்கள். றோஸியின் இறுதி ஊர்வலம் போல ஒன்றை ஒழுங்கை கண்டதில்லை என்றார்கள். மெட்டில்டா பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதார். ஷஹீமா மட்டும் ரொஷேலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். எல்லாம் முடிந்து கதிரைகளை ஏற்றிக்கொண்டு போன பிறகு சொன்னாள்.

"ஒங்கட உம்மா வண்டீல வெச்சு ஒண்டு செல்லச் சென்னா. எனக்கு அண்டைக்குச் செல்ல மனசு வரல்ல."

"என்ன சொன்னவ?"

"அந்த நோட்டிஸ அழிச்சுப்போடாத எண்டு செல்லட்டாம்."

ரொஷேல் சிரித்தாள். அன்றைக்கு முதல்தடவையாக அழுததும் அப்போதுதான்.

இறப்புச் சான்றிதழைத் தளத்துக்கு அனுப்பினாள். ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். காசு தந்தவர்களுக்கே திரும்பிப் போனது. அவர்களில் சிலர் அதை முப்பத்தோராம் நாள் பூசைக்கு என்று கொண்டுவந்து தந்தார்கள்.

அதற்கு அடுத்த முதல் ஞாயிறு கிளறன்ஸ் றோஸியின் துணிப்பையோடு வாசலில் நின்றார். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை என்றார். ரொஷேல் பையை வாங்கிப் பார்த்தாள். றோஸி அதற்கு உள்ளே இரண்டு அறை வைத்துத் தைத்திருந்தார், ஒன்று தாளுக்கு, ஒன்று சில்லறைக்கு. தாளையும் சில்லறையையும் ஒன்றாகப் போடலாம் என்று ரொஷேலுக்குத் தோன்றியது. மற்ற அறை வேறொன்றுக்கு உதவும்.

அடுத்த ஒழுங்கையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் பாலசுந்தரத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. தம்பி ஒன்று தரச் சம்மதித்திருந்தான். ஒபரேஷனுக்கு வழியில்லை. றோஸி சந்தா சேர்க்கப் போகும்போதெல்லாம் அங்கேதான் இருந்து மூச்செடுத்துப் போவார்.

முதல் வாசல் மெட்டில்டாவுடையது. கதவைத் திறந்ததும் ரொஷேலைக் கட்டிப் பிடித்தார். "உன்ர மம்மி தங்கம். தங்கம்." சந்தாவை ஏற்கனவே எண்ணிக் கையில் வைத்திருந்தார். ரொஷேல் அதை வாங்கி முதல் அறையில் போட்டாள்.

"அன்ரி, இன்னொரு விசயம். எங்கட பாலசுந்தரம் அண்ணை..."

"ஆர், தேத்தண்ணிக் கடைக்காரரா? ஐயோ, என்ர மாதாவே." மெட்டில்டாவின் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. மற்றக் கை தானாகவே மீண்டும் பேர்ஸைத் திறந்தது. பெரிய தாள் ஒன்று பாதி வெளியே வந்தது. "எப்ப பிரேதம் எடுக்கினம்?"

"எடுக்கேல்லை, அன்ரி. உயிரோட இருக்கிறார். ஒபரேஷனுக்குத்தான்..."

மெட்டில்டா நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டார். உண்மையான ஆறுதல் அது, நடிப்பில்லை.

"அப்பாடா. பயந்து போனன், பிள்ளை," என்றார். தாள் உள்ளே போனது. பேர்ஸ் மூடிக்கொண்டது. "இருக்கிறார்தானே. அது போதும்."

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. ரொஷேல் பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினாள்.